பழைய கன்சோல் சாகச கேம்களில் சீட் (cheat, குறுக்குவழி) போடுவது: உயிர் கூட்டுவதும் சாவி எடுப்பதும் ஒன்றா?

நிலவறைச்சாவி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வியை இங்கே வைக்கிறேன்.

கான்ட்ரா என்ற சுடும் கேமில் மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது பி ஏ அழுத்தி முப்பது உயிர் வாங்கியதை யாரும் தப்பாகப் பேசுவதில்லை. தொண்ணூறுகளில் நம் ஊரில் டிவி கேம் வைத்திருந்த எல்லோருக்கும் அது அத்துபடி. அந்த வரிசை கான்ட்ராவுக்கு முன்பே பிறந்தது. 1986-இல் கிரேடியஸ் என்ற கேமை நின்டெண்டோவின் ஃபேமிகாம் கன்சோலுக்கு மாற்றிய கொனாமி நிறுவனத்தின் கசுஹிசா ஹஷிமோட்டோ, கேம் தன்னாலேயே ஆடிப் பார்க்க முடியாத அளவுக்குக் கடினமாக இருந்ததால், சோதனைக்காக வைத்துக்கொண்டது அது.

ஆனால் செல்டா, மெட்ராய்டு, பாஞ்ஜோ போன்ற சாகச கேம்களில் கணக்கு வேறு என்பது என் கருத்து. அங்கே பொருள்தான் ஆட்டம். எட்டாத உயரத்தில் ஒரு பெட்டி தெரியும். அதை எப்படி எடுப்பது என்று யோசித்துக்கொண்டே நாலு இடம் சுற்றுவோம். ஹுக்‌ஷாட் (எறிந்து ஏற உதவும் சங்கிலிக் கொக்கி) கைக்கு வந்ததும் அந்த இடம் ஞாபகத்துக்கு வரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் அந்த கேமையே ஆடுகிறோம். என் அக்கா மகன் எமுலேட்டரில் (பழைய கேமைக் கணினியில் ஓட்டும் மென்பொருள்) செல்டா வரிசையின் ஒக்கரினா ஆஃப் டைம் தொடங்கியதுமே 'எல்லாப் பொருளும்' என்ற சீட் கோடை (code) போட்டுவிட்டு, கேம் தொடங்கும் கொக்கிரி காட்டை விட்டு வெளியே வருவதற்குள் சலித்துப்போய் மூடிவிட்டான்.

ஆக்‌ஷன் கேமில் சீட் இன்னொரு வாய்ப்பு தருகிறது. சாகச கேமில் அது கேள்வியையே இல்லாமல் செய்துவிடுகிறது. உங்கள் கருத்து என்ன?

புள்ளிச்சட்டை எழுதியது:

முழுக்க உடன்படுகிறேன். என்னைக் கேட்டால் வாக்த்ரூ (படிப்படியான தீர்வுக் குறிப்பு) பார்ப்பதும் இதே வகைதான். ஒரு புதிரை நீங்கள் அவிழ்த்தீர்கள் என்றால் அவிழ்த்தீர்கள், இல்லையென்றால் இல்லை. நடுவில் எதுவும் கிடையாது. ஒக்கரினாவின் வாட்டர் டெம்பிளில் எல்லோரும்தான் மாட்டிக்கொண்டோம். ஒரு சின்னச் சாவியைத் தவறவிட்டு, தண்ணீரை மூன்று மட்டத்துக்கும் ஏற்றி இறக்கிச் சுற்றியதில்தான் அந்த இடத்தின் வரைபடம் இன்றுவரை தலையில் நிற்கிறது.

கறுப்புப்பெட்டி எழுதியது:

விவாதம் நல்ல விவாதம். ஆனால் 'சீட்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுகிறோம். உள்ளே மூன்று தனித்தனி விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, கேமைச் செய்தவரே வைத்த கோடு. முதல் செல்டாவில் பெயர் கேட்கும் இடத்தில் 'செல்டா' என்று கொடுத்தால் நேராக இரண்டாவது குவெஸ்ட் (கடினமான மறு ஆட்டம்) வரும். இது திருட்டு இல்லை, செய்தவர்களே திறந்து வைத்த கதவு.

இரண்டு, கேம் ஜீனி என்ற சாதனம். இது கேட்ரிட்ஜுக்கும் கன்சோலுக்கும் நடுவில் உட்காரும். கன்சோலின் பிராசஸர் கேட்ரிட்ஜிடம் 'இந்த முகவரியில் என்ன இருக்கிறது?' என்று கேட்கும்போது, ஜீனி குறுக்கே புகுந்து தன்னுடைய எண்ணைக் கொடுத்துவிடும். உதாரணத்துக்கு, வெடிகுண்டு போட்டதும் எண்ணிக்கையில் ஒன்றைக் கழி என்று ஒரு கட்டளை இருக்கும். அந்த இடத்தில் எதையும் கழிக்காத வேறொரு கட்டளையைத் திணித்துவிட்டால் குண்டு தீரவே தீராது. நெஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டு வடிவம்) கன்சோலின் ஜீனியில் ஆறு எழுத்துக் கோடு, எட்டு எழுத்துக் கோடு என்று இரண்டு வகை. பெரிய கேம்களில் ஒரே முகவரியில் வெவ்வேறு நேரம் வெவ்வேறு பகுதி வந்து உட்காரும். அதனால் 'அங்கே இன்ன எண் இருந்தால் மட்டும் மாற்று' என்று சொல்ல அந்தக் கூடுதல் இரண்டு எழுத்து. ஒரே நேரத்தில் மூன்று கோடுதான் போட முடியும்.

மூன்று, ஆக்‌ஷன் ரீப்ளே, கேம்ஷார்க் வகை. இவை பெரும்பாலும் கேட்ரிட்ஜைத் தொடாமல் கன்சோலின் தற்காலிக நினைவகமான ரேமில் எழுதுபவை. அம்பு எண்ணிக்கை இருக்கும் இடத்தில் ஓயாமல் 30, 30, 30 என்று எழுதிக்கொண்டே இருக்கும். நீங்கள் எய்த மறுகணமே கணக்கு பழையபடி ஆகிவிடும்.

நிலவறைச்சாவி சொல்லும் பிரச்சினை இந்த மூன்றாவது வகையில்தான் அதிகம். சாகச கேம் ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு ஃபிளாக் வைத்திருக்கும். இந்தப் பெட்டி திறந்தாயிற்றா, இவரிடம் பேசியாயிற்றா என்று. பொருளைப் பைக்குள் எழுதிவிடலாம், ஆனால் அந்தப் பொருளைக் கொடுத்த காட்சி நடந்ததாக கேமுக்குத் தெரியாது. ஒக்கரினாவில் எல் பொத்தானை அழுத்தினால் நாயகன் லிங்க் மிதக்கும் கோடு ஒன்று உண்டு. அதை வைத்துக் காட்டு வாசலில் வழிமறிக்கும் பையனைத் தாண்டி வெளியே போய்விடலாம். ஆனால் பாலத்தில் தோழி சரியா (Saria) வந்து ஒக்கரினா என்ற ஊதுகுழலைக் கொடுப்பது முதல் நிலவறையான டெக்கு மரத்தின் பகுதி முடிந்த பிறகுதான். அவள் வரமாட்டாள். வெளியே போன லிங்க், கேம் எதிர்பார்க்காத ஒரு நிலையில் நிற்பான். அப்படியே சேவ் செய்தால் அந்தக் குழப்பமும் சேர்ந்து சேவ் ஆகும்.

இன்னொன்று: ஒக்கரினாவுக்கு அமெரிக்காவில் 1.0, 1.1, 1.2 என்று மூன்று பதிப்புகள் உண்டு. முகவரிகள் மாறும். ஒன்றின் கோடை இன்னொன்றில் போட்டால் அம்பு இருக்க வேண்டிய இடத்தில் வேறு ஏதோ இருக்கும். 'சீட் போட்டேன், கேம் உறைந்துவிட்டது' என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஸ்காபரோ பெடியன் எழுதியது:

கறுப்புப்பெட்டி அண்ணை, நல்ல வடிவா விளங்கப்படுத்தி இருக்கிறீங்கள்.

கேம் ஜீனி முதலில் விற்பனைக்கு வந்தது எங்கட கனடாவில்தான், 1990-இல். இங்கிலாந்தின் கோட்மாஸ்டர்ஸ் செய்தது, கனடாவில் கேமரிகா விற்றது, அமெரிக்காவில் கலூப் விற்க இருந்தது. நின்டெண்டோ வழக்குப் போட்டு அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு வருசம் தடை வாங்கி வைத்திருந்தது. 1991-இல் நீதிமன்றம் கலூப் பக்கம் தீர்ப்புச் சொன்னது, 1992-இல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. தடை கிடந்த காலத்து நட்டத்துக்காக நின்டெண்டோ கட்டியிருந்த 1.5 கோடி டாலர் பிணைத்தொகை முழுக்கக் கலூப்புக்குப் போனது.

புள்ளிச்சட்டை கவனிக்க வேண்டியது நீதிமன்றம் சொன்ன காரணத்தை. காசு கொடுத்து கேமை வாங்கிய ஆள் தன் வீட்டில் அதை மாற்றி விளையாடிப் பார்க்கலாம், புத்தகத்தில் சில பக்கங்களைத் தாண்டிப் படிக்கிற மாதிரி என்று சொன்னது. கேம் ஜீனி எதையும் நிரந்தரமாக மாற்றுவதில்லை, கழட்டினால் கேம் பழையபடி. எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுத்தாளர் கட்டளை போடேலாது. கேமுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்?

புள்ளிச்சட்டை எழுதியது:

//எப்படிப் படிக்க வேண்டும் என்று எழுத்தாளர் கட்டளை போடேலாது//

சட்டப்படி உரிமை இருப்பது வேறு, அப்படி ஆடினால் கேம் கிடைக்குமா என்பது வேறு. நான் யாரையும் தடுக்கவில்லை. துப்பறியும் நாவலில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கவும் எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. படித்த பிறகு அந்த நாவல் அவருக்குத் துப்பறியும் நாவலாக இருக்காது, அவ்வளவுதான்.

மழைமாலை எழுதியது:

இந்த இழையில் யாரும் இன்னும் மெட்டல் கியர் சாலிடைத் தொடவில்லையே! சீட் சாதனத்தை ஒரு கதாபாத்திரமே நேரடியாக எச்சரிக்கும் காட்சி அதில்தான் இருக்கிறது.

1998 பிளேஸ்டேஷன் கேம். நாயகன் ஸ்னேக் பிடிபட்டு, வில்லன் ரிவால்வர் ஓசலாட் அவனை மின்சாரம் பாய்ச்சிச் சித்திரவதை செய்யும் இடம். வட்டப் பொத்தானை விடாமல் தட்டினால் உயிர் தாங்கும். தாங்க முடியாவிட்டால் சரணடையலாம், ஆனால் அப்போது அவனுடைய தோழி மெரில் பிழைக்கமாட்டாள். ஓசலாட் அங்கே இரண்டு விஷயம் சொல்வான். இங்கே செத்தால் தொடர்வதற்கு வாய்ப்பு கிடையாது என்பது ஒன்று. ஆட்டோ ஃபயர் (பொத்தானைத் தானாகத் தட்டும் டர்போ வசதி) பயன்படுத்த நினைக்காதே, எனக்குத் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. டர்போ கன்ட்ரோலர் வைத்திருந்தவர்கள் அந்த இடத்தில் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் காட்சியில் வலிப்பது நம் கைதான். விரல் வலிப்பதும் ஸ்னேக்குக்கு வலிப்பதும் ஒன்றாகிறது. சரணடையலாமா என்ற எண்ணம் நமக்கே வருகிறது. அதனால்தான் மெரில் பிழைத்தாளா இல்லையா என்பது ஒரு வெட்டுக்காட்சியாக இல்லாமல் நாம் எடுத்த முடிவாகிறது. டர்போவோ, உயிர் குறையாத கோடோ போட்டால் கேம் முடியும், ஆனால் அந்த முடிவை நாம் எடுத்திருக்கமாட்டோம்.

அதே கேம் முடிந்ததும் என்ன பரிசு தருகிறது என்று பாருங்கள். மெரிலைக் காப்பாற்றியிருந்தால் குண்டு தீராத பந்தானா. இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஸ்டெல்த் உடை. இரண்டுமே சீட்தான்! ஒரு முறை உண்மையாக ஆடி முடித்தவருக்கு, இனி இஷ்டம்போல் ஆடு என்று கேமே எடுத்துக் கொடுக்கிறது. சீட்டுக்கு உரிய நேரம் எது என்பதை இதைவிட அழகாக யாரும் சொன்னதில்லை என்பேன்.

செல்டா வரிசையின் மஜோராஸ் மாஸ்க்கும் இப்படித்தான். மூன்று நாளில் நிலா விழும். சாதாரண வேகத்தில் அது நம் நேரத்தில் ஒரு மணிக்கும் குறைவு. கடிகாரத்தை நிறுத்தும் கேம்ஷார்க் கோடு உண்டு, பதற்றம் போய்விடும். ஆனால் அந்த ஊரே கடிகாரத்தில்தான் வாழ்கிறது. அஞ்சு (Anju) என்ற பெண் விடுதிச் சமையலறையில் நம்மைச் சந்திப்பது முதல் நாள் இரவு பதினொன்றரைக்கு. அவளுடைய காதலன் கஃபே (Kafei) அவளைத் தேடி வருவது மூன்றாம் இரவின் கடைசியில், நிலா விழப்போகும் நேரத்தில். நேரத்தை நிறுத்திவிட்டு நீங்கள் அவளுடன் எவ்வளவு காத்திருந்தாலும் அவன் வரவே மாட்டான். அவசரம் பிடிக்காதவர்களுக்குக் கேமுக்குள்ளேயே வழி இருக்கிறது: சாங் ஆஃப் டைம் பாட்டைத் தலைகீழாக வாசித்தால் நேரம் மெதுவாக நகரும். சோளக்கொல்லைப் பொம்மையிடம் பேசினால் அதைச் சொல்லித்தரும். அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு ஆடுங்கள், கோடு வேண்டாம்.

நிலவறைச்சாவி எழுதியது:

மழைமாலை, பந்தானா பற்றிச் சொன்னது அருமை. நான் சொல்ல வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

அறுபத்துநான்கு எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள். நான் மறுபக்கம் நிற்கிறேன். பாஞ்ஜோ கசூயி என்ற கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ரேர் நிறுவனம், நின்டெண்டோ 64, 1998.

அதில் டிரஷர் ட்ரோவ் கோவ் என்ற கடற்கரை உலகத்தில் ஒரு மணல்கோட்டை இருக்கிறது. உள்ளே தரை முழுக்க எழுத்துக் கட்டங்கள். பாஞ்ஜோ என்ற கரடி ஒவ்வொரு எழுத்தின் மேலும் ஏறி, கூட வரும் பறவை கசூயியின் அலகால் குத்திக் குத்தி வார்த்தையை உருவாக்க வேண்டும். முதலில் கேமின் பெயரையே எழுதி ஒரு ஜிக்கி (கேமில் சேகரிக்கும் தங்கப் புதிர்த்துண்டு) வாங்குவோம். அப்புறம் சூனியக்காரியின் குகையில் சீட்டோ என்ற மந்திரப் புத்தகம் ஆங்காங்கே மறைந்திருக்கும். கண்டுபிடித்தால் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு சொல்லும். நீல முட்டை, சிவப்பு இறகு, தங்க இறகு ஆகியவற்றை இரட்டிப்பாக வைத்துக்கொள்ளும் கோடுகள். சீட் கோடு என்பதே ஒரு தேடலின் பரிசு.

அதே மணல்கோட்டையில், பூட்டிய கதவுகளைக் கதைக்கு முன்பே திறக்கும் கோடுகளும் உண்டு. அவற்றில் இரண்டைப் போட்டதும் பாட்டில்ஸ் என்ற அகழெலி வந்து எச்சரிக்கும். மீறிப் போட்டால் சேவ் அழிந்துவிடும். நிஜமாகவே அழியும். எந்தச் சீட் சரி, எந்தச் சீட் தப்பு என்று ஒரு கேமே எல்லை போட்ட இடம் எனக்குத் தெரிந்து இதுதான்.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். ஃப்ரீசீஸி பீக் என்ற பனி உலகத்தில் வோசா என்ற வால்ரஸின் குகைக்குள் போனால், பனிச்சுவருக்குப் பின்னால் ஒரு ஐஸ் சாவி தெரியும். கண்ணுக்கு முன்னால் சுழன்றுகொண்டிருக்கும். எடுக்க வழியே கிடையாது. கேமை முழுக்க முடித்தால் மம்போ என்ற மந்திரவாதி வந்து படம் காட்டுவார்: அந்தச் சாவி, கடலிலிருந்து எழும் ஒரு தீவில் ஒரு முட்டை, பாலைவன உலகத்தில் திறக்கும் ஒரு கதவு. அடுத்த கேமில் இதற்கெல்லாம் வேலை இருக்கிறது என்பார். அவ்வளவுதான். எப்படி எடுப்பது என்று கேமுக்குள் எங்கேயும் சொல்லவில்லை.

நேர்மையாக ஆடியவர்கள் எல்லோரும் அந்தச் சுவருக்கு முன்னால்தான் நின்றார்கள். விடையைக் கொண்டுவந்தவர்கள் கேம்ஷார்க் வைத்து மெமரியைத் தோண்டியவர்கள். 'ஸ்டாப் என் ஸ்வாப்' என்ற தலைப்பில் ஒரு மறைந்த மெனு இருப்பதைக் கண்டார்கள். பிறகு கேமின் உள்ளே புதைந்திருந்த நீளமான கோடுகள் வெளியே வந்தன. எதுகையோடு எழுதிய முழு வாக்கியங்கள் அவை. மணல்கோட்டைத் தரையில் அவற்றை எழுத்தெழுத்தாகக் குத்தினால் பனிச்சுவர் விலகும், தீவு எழும், கதவு திறக்கும்.

ரேர் முதலில் நினைத்திருந்த திட்டம் வேறு. ஒரு கேட்ரிட்ஜை உருவி சில நொடிக்குள் அடுத்ததைச் செருகினால், கன்சோலின் ரேமில் பழைய தகவல் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை வைத்து இரண்டு கேம்களும் பேசிக்கொள்ளும். ஆனால் பின்னால் வந்த நின்டெண்டோ 64 கன்சோல்களில் அந்தத் தகவல் தங்கும் நேரம் மிகவும் குறைந்துவிட்டது. யோசனை கைவிடப்பட்டது. 2000-இல் வந்த பாஞ்ஜோ டூயியில் அந்தச் சாவியையும் முட்டைகளையும் அதே கேமுக்குள்ளேயே கிடைக்கும்படி வைத்துவிட்டார்கள். பத்து வருடம் கழித்து 2008, 2009-இல் வந்த எக்ஸ்பாக்ஸ் பதிப்புகளில்தான் அந்த இணைப்பு வேலை செய்தது.

இப்போது சொல்லுங்கள். அந்தச் சாதனம் இல்லாமல் இந்தப் புதிரை யார் அவிழ்த்திருப்பார்கள்? அதைத் தோண்டியவர்கள் ஆட்டத்தைக் கெடுக்கவில்லை. அந்த கேமை மற்ற எவரையும்விட ஆழமாக ஆடியவர்கள் அவர்கள்தான்.

கறுப்புப்பெட்டி எழுதியது:

வழிமொழிகிறேன். ஒக்கரினாவிலும் இப்படி ஒன்று உண்டு. ஸ்டார் ஃபாக்ஸ் என்ற விண்வெளி கேமில் வரும் ஆர்விங் விமானம் ஒக்கரினா கேட்ரிட்ஜுக்குள் முழுசாக இருக்கிறது. கோடு போட்டு வரவழைத்தால் வானில் வட்டமடித்து லிங்க்கைச் சுடும், திருப்பி அடித்தால் விழும். வால்வேஜியா என்ற டிராகன் பாஸ் பறக்கும் விதத்தைச் செய்து பார்ப்பதற்காக வைத்தது, எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். செய்தவர்களின் மேசை எப்படி இருந்தது என்று பார்க்க நமக்கு வேறு வழி இல்லை.

ஒக்கரினாவில் டிரைஃபோர்ஸை (செல்டா கதையின் புனிதப் பொருள்) எடுக்கலாம் என்று எத்தனை வதந்தி, எத்தனை பொய்ப் படம்! அதற்காக மாதக்கணக்கில் அலைந்த பிள்ளைகள் உண்டு. அப்படி ஒன்று கேமில் இல்லவே இல்லை என்று முடிவுகட்டியதும் கோடு தேடியவர்கள்தான்.

கோடு தேடுவதே ஒரு சாகச கேம். முப்பது அம்பு இருக்கிறது, 30 என்ற எண் உள்ள இடங்களையெல்லாம் தேடு என்பீர்கள். ஆயிரக்கணக்கில் வரும். ஒரு அம்பு எய்துவிட்டு, அவற்றில் இப்போது 29 ஆனவை எவை என்று தேடினால் சில டஜன் மிஞ்சும். இன்னொன்று எய்தால் ஒன்றோ இரண்டோ. அந்த இடத்தில் கைவைத்துப் பார்த்து, திரையில் எண் மாறும்போது வரும் மகிழ்ச்சி ஹுக்‌ஷாட் கிடைத்த மகிழ்ச்சிக்குக் கொஞ்சமும் குறைந்தது இல்லை.

புள்ளிச்சட்டை எழுதியது:

ஆர்விங்கும் ஐஸ் சாவியும் எனக்கும் பிடிக்கும். ஆனால் நீங்கள் இருவரும் சொல்வது கேமை முடித்தவர்கள் திரும்பி வந்து தோண்டுவதை. முதல் முறை ஆடுபவர் கையில் அந்தச் சாதனத்தைக் கொடுக்கலாமா என்பதே இங்கே கேள்வி. அதற்கு என் பதில் மாறவில்லை.

மழைமாலை எழுதியது:

முதல் முறையிலும் எல்லாக் கேமுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது, புள்ளிச்சட்டை. முதல் மெட்ராய்டைப் பாருங்கள். ஜப்பானில் அது டிஸ்கில் வந்தது, சேவ் இருந்தது. மற்ற நாடுகளுக்குக் கேட்ரிட்ஜில் வந்தபோது 24 எழுத்துப் பாஸ்வேர்டு ஆனது. பெரிய எழுத்து எது, சின்ன எழுத்து எது, பூஜ்யமா ஓ-வா என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்து நோட்டில் எழுதி வைக்க வேண்டும். அதில் எந்தப் பொருளை எடுத்தோம், எந்தக் கதவைத் திறந்தோம் என்பதெல்லாம் இருக்கும், எனர்ஜி மட்டும் இருக்காது. எத்தனை எனர்ஜி டாங்க் சேர்த்திருந்தாலும் மறுநாள் 30 எனர்ஜியோடுதான் தொடங்கும். பிறகு சின்னப் பூச்சிகளைக் கொன்று கொன்று நிரப்ப வேண்டும். அதில் புதிர் எதுவும் இல்லை, கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. எனர்ஜியைக் கூட்டும் கோடு ஒன்றைப் போட்டு அந்தச் சலிப்பைத் தாண்டினால் மெட்ராய்டு ஒரு துளியும் குறையாது. செபஸ் கிரகத்தின் சுரங்கங்கள் அப்படியே இருக்கும்.

அந்தப் பாஸ்வேர்டில் தற்செயலாகப் பொருந்தியதுதான் புகழ்பெற்ற 'ஜஸ்டின் பெய்லி'. யாரும் வைத்த கோடு அது இல்லை, கணக்கு அப்படி அமைந்துவிட்டது. 'நார்பாஸ் ஸ்வோர்ட்' மட்டும்தான் செய்தவர்களே உள்ளே வைத்தது.

ஸ்காபரோ பெடியன் எழுதியது:

மழைமாலை அக்கா சொன்னது தான் என் கட்சியும். சலிப்பைத் தாண்டலாம், கண்டுபிடிப்பைத் தாண்டக் கூடாது.

இன்னொரு செய்தி. அன்றைக்கு வழக்குப் போட்ட அதே நின்டெண்டோ 2018-இல் ஸ்விட்ச் ஆன்லைனில் முதல் செல்டாவை இன்னொரு பதிப்பாகவும் வெளியிட்டது. தொடங்கும்போதே கையில் நல்ல ஆயுதங்களும் நிறைய ரூபீகளும் (கேமின் பணம்) இருக்கும். பழைய கேமைப் புது ஆட்கள் தொடவேணும் என்றால் ஒரு கைகொடுக்கத்தான் வேணும் என்று அவையளுக்கும் விளங்கியிருக்குது. நல்ல விசயம்.

நிலவறைச்சாவி எழுதியது:

//சலிப்பைத் தாண்டலாம், கண்டுபிடிப்பைத் தாண்டக் கூடாது//

இதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஒவ்வொரு கேமிலும் எது சலிப்பு, எது கண்டுபிடிப்பு என்று முதல் முறை ஆடுபவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் முதலில் கோடு இல்லாமல் கொஞ்ச தூரமாவது போகச் சொல்கிறேன்.

தூசிதட்டி எழுதியது:

புதிய உறுப்பினர். இழை முழுவதும் படித்தேன், நிறையத் தெரிந்துகொண்டேன். பழைய நெஸ் ஒன்று கைக்கு வந்திருக்கிறது, முன்பக்கம் கேட்ரிட்ஜ் செருகும் மாடல். ஒரு பழைய கேம் ஜீனியும் விலைக்கு வருகிறது. வாங்கலாமா? பிளேஸ்டேஷனுக்கும் கேம்ஷார்க் தேடுகிறேன்.

கறுப்புப்பெட்டி எழுதியது:

வாங்குங்கள், ஆனால் அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாடலில் ஜீனியின் பலகை வழக்கமான கேட்ரிட்ஜைவிட இறுக்கமாக உட்காரும், உள்ளே இருக்கும் கனெக்டரின் பின்கள் விரிந்துவிடும். பிறகு ஜீனி இருந்தால்தான் கேம் வேலை செய்யும், தனியாகச் செருகினால் திரை மினுக்கிக்கொண்டே இருக்கும். ஆசைக்கு ஆடிப் பார்க்க வேண்டுமென்றால் எவர்டிரைவ் (கேம் கோப்புகளை மெமரி கார்டிலிருந்து ஓட்டுவது) போன்ற கேட்ரிட்ஜில் அதே கோடுகளை எழுதிப் போடலாம், பின்களுக்கு ஆபத்து இல்லை.

பிளேஸ்டேஷனை வாங்கும் முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். கேம்ஷார்க் செருகுவது பேரலல் போர்ட்டில். மாடல் எண் 9000 வரிசையில் இருந்தால் அந்தப் போர்ட்டையே சோனி எடுத்துவிட்டது. 7000 வரிசை வரை இருக்கும், ஒரு சின்னப் பிளாஸ்டிக் மூடிக்குப் பின்னால்.

எந்தக் கோடு போட்டாலும், முதலில் மெமரி கார்டை இன்னொரு கார்டில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.